நிழலின் வயது

1951-ம் வருஷத்துக் கோடையில் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இருமலால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. அரண்மனை வைத்தியர்கள் கலந்து பேசி, இது நுரையீரல் அழற்சிதான் என்று முடிவு செய்தார்கள். பென்ஸிலின் கொடுத்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். மன்னரும் ஆகஸ்டு மாதம் ஸ்காட்லாந்திலுள்ள பால்மோரல் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே போயும் உடம்பு தேறவில்லை. செப்டம்பரில் மறுபடி படம் எடுத்தார்கள். குழாயை உள்ளே செலுத்தித் துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். அழற்சி அல்ல, புற்றுநோய் என்று தெரிந்தது.

செப்டம்பர் 23-ந் தேதி பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ஓர் அறையை ஆபரேஷன் கூடமாக மாற்றி, கிளெமெண்ட் பிரைஸ் தாமஸ் என்ற நிபுணர் மன்னரின் இடது நுரையீரலை முழுவதுமாக அகற்றினார். ஜனங்களுக்கு வெளியிட்ட அறிக்கையில், நுரையீரலின் அமைப்பில் மாறுதல்கள் ஏற்பட்டிருப்பதாக மட்டுமே கண்டிருந்தது. புற்றுநோய் என்ற சொல்லை மன்னரிடமே யாரும் சொல்லவில்லை. 1952 பிப்ரவரி 6-ந் தேதி அவர் தூக்கத்திலேயே காலமானார். வயது 56.

ஒரு பெரிய ராஜ்யத்தின் தலைசிறந்த வைத்தியர்கள் ஒரு நிழலைப் பார்த்துத் தப்பாகப் பொருள் சொன்னார்கள் என்று இன்று ஏளனம் செய்வது சுலபம். ஆனால் அந்தப் படத்தை அவர்கள் ஸ்தானத்தில் நின்று பார்க்கவேண்டும். எக்ஸ்ரே படத்தில் விழுவது உள்ளே இருக்கும் பொருளின் நிழல்தான். திரைக்குப் பின்னால் நிற்பவன் மாப்பிள்ளையா திருடனா என்று நிழலைக் கொண்டு சொல்ல முடியுமா? மன்னருக்காவது இருமல் இருந்தது. ஒரு தொந்தரவும் இல்லாத மனிதர் ஒருவர், உத்தியோகத்துக்கோ இன்ஷ்யூரன்ஸுக்கோ படம் எடுத்துக்கொள்கிறார். நுரையீரலில், சுற்றிலும் சுத்தமாக இருக்கும் இடத்தில், வட்டமாக ஒரு சின்ன நிழல் தென்படுகிறது. அமெரிக்க வைத்தியர்கள் இதற்குக் 'காசு நிழல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று செண்டிமீட்டருக்கு உட்பட்டதாக இருந்தால் இன்றைய வைத்தியர்கள் அதை நுரையீரல் முடிச்சு என்கிறார்கள். அது சாதுவா, கொடியதா? கத்தியை எடுப்பதா, காத்திருப்பதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் வைத்தியர்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மார்புக்குள் என்ன நடக்கிறது என்று அறிய ஒரு காலத்தில் காதும் விரலுமே கருவிகள். கிராஸ் நகரத்தில் விடுதி நடத்தியவரின் மகனான அவுன்புருக்கர் என்ற ஆஸ்திரிய வைத்தியர், மதுப் பீப்பாயைத் தட்டிப் பார்த்து உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று கண்டுபிடிப்பது போல, நோயாளியின் மார்பைத் தட்டிப் பார்க்கலாம் என்று 1761-ல் எழுதினார். (இந்த மனிதர் பிற்காலத்தில் ஓர் இசை நாடகத்துக்குக் கதையும் பாட்டும் எழுதிக் கொடுத்தார் என்பதை எழுத்தாளர் ஜாதியின் பெருமைக்காகக் குறித்து வைக்கிறேன்.) 1816-ல் பாரிஸில் லென்னெக் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. பத்தே வருஷத்தில் அவரையே க்ஷயரோகம் கொண்டுபோயிற்று. தட்டினாலும் சரி, கேட்டாலும் சரி, நுரையீரலின் நடுவே நெல்லிக்காய் அளவில் கிடக்கும் ஒரு கட்டி இரண்டுக்கும் அகப்படாது. 1895 நவம்பர் 8-ந் தேதி ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்தில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த பிறகுதான் அது மனிதர் கண்ணில் பட்டது. அன்றைக்கு ஒரு வரமும் கிடைத்தது, கூடவே ஒரு கவலையும் வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் அந்தக் கட்டியோடு வாழ்ந்து, வேறு எதனாலோ இறந்துபோனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கட்டி இருந்ததே தெரியாது.

முதலில் இந்த வட்டங்களைக் கண்டு யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. ஏனென்றால் பதில் தயாராக இருந்தது: க்ஷயம். ராபர்ட் கோக் 1882-ல் க்ஷயக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். 1912-ல் அந்தோன் கோன் என்ற வைத்தியர், குழந்தைகளின் நுரையீரலில் க்ஷயம் முதன்முதலாகக் கால் வைக்கும் இடத்தை விவரித்துப் புத்தகம் எழுதினார். கிருமி நுழைகிறது, உடம்பு அதைச் சுற்றி மதில் எழுப்புகிறது, வருஷக்கணக்கில் அந்த மதிலில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுகிறது. நோய் முடிந்த பிறகும் தழும்பு நிற்கிறது. படத்தில் தெரிகிற வெள்ளைப் புள்ளி அந்தத் தழும்புதான். இந்த விளக்கம் இன்றும் பொய்யாகவில்லை.

இரண்டு சம்பவங்கள் நிலைமையை மாற்றின. 1933 ஏப்ரல் 5-ந் தேதி அமெரிக்காவில் ஸெயிண்ட் லூயிஸ் நகரத்தில் எவார்ட்ஸ் கிரஹாம் என்பவர், புற்றுநோய் கண்ட ஒருவரின் நுரையீரலை ஒரே ஆபரேஷனில் முழுவதுமாக அகற்றினார். நோயாளியும் ஒரு வைத்தியர், வயது 48. அவர் பிழைத்தார். நுரையீரல் புற்றுநோய் என்றால் கையை விரிக்கவேண்டியதுதான் என்றிருந்த காலம் அன்றோடு முடிந்தது. அந்த நோயாளி 1963 வரை உயிரோடிருந்தார். கிரஹாமோ, வின்டர் என்ற இளைஞருடன் சேர்ந்து சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை 1950-ல் 684 நோயாளிகளைக் கொண்டு எடுத்துக் காட்டி, தாமும் சிகரெட்டை விட்டுவிட்டு, 1957-ல் அதே நுரையீரல் புற்றுநோயால் இறந்துபோனார். கதையில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இரண்டாவது சம்பவம் பிரேஸிலில் நடந்தது. 1936-ல் ரியோ டி ஜனேரோவில் மனுவேல் டி அப்ரூ, திரையில் விழும் எக்ஸ்ரே பிம்பத்தைச் சின்னப் பிலிமில் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். படத்தின் விலை மலிந்தது. ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகப் படம் எடுக்க முடிந்தது. இரண்டாவது உலக யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர வந்த வாலிபர்களின் மார்புகளெல்லாம் படமாயின. க்ஷயரோகியைப் பொறுக்கி எடுத்து வெளியே நிறுத்துவதே நோக்கம். ஆனால் வலைக்கு மீன் மட்டுமா வரும்? ஒரு வியாதியும் சொல்லத் தெரியாத திடகாத்திர வாலிபர்களின் படங்களிலெல்லாம் வட்ட நிழல்கள் வரத் தொடங்கின.

ஒரு கையில் நிழல். இன்னொரு கையில் கத்தி. யுத்தத்துக்குப் பின் வந்த இருபது வருஷத்தில் அமெரிக்க நிபுணர்கள் பலருடைய கட்சி, சந்தேகம் வந்தால் திறந்து பார் என்பதுதான். திறந்து பார்ப்பது என்று சொல்வது எளிது. விலா எலும்புகளை விலக்கி மார்புக் கூட்டைப் பிளந்து செய்கிற ஆபரேஷன் அது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மூச்சு இழுக்கும்போதெல்லாம் வலி. சிலர் மேஜையிலிருந்து எழுந்திருக்கவே மாட்டார்கள். அமெரிக்கப் பழைய ராணுவத்தாரின் ஆஸ்பத்திரிகளிலும் படை ஆஸ்பத்திரிகளிலும் இவ்வாறு அகற்றப்பட்ட 887 நிழல்களின் கணக்கை ஜான் ஸ்டீல் என்ற நிபுணர் 1963-ல் வெளியிட்டார். எல்லாரும் ஆண்கள், யாருக்கும் அறிகுறி இல்லை. 887-ல் புற்றுநோயாக இருந்தவை 36 சதவிகிதம். பாதிக்கு மேல் பழைய தொற்றுக்களின் தழும்புகள்.

இந்தக் கணக்கை இரண்டு விதமாகவும் படிக்கலாம். மூன்றில் ஒருவருக்கு மேல் யமன் வாயிலிருந்து மீட்கப் பார்த்திருக்கிறார்கள் என்றும் சொல்லலாம்; ஆற்றிய புண்ணின் தழும்பை எடுப்பதற்காக நானூறுக்கு மேற்பட்டவர்களின் மார்பைப் பிளந்தார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. மன்னர் ஜார்ஜ் விஷயத்தில் காத்திருந்தது பிசகாயிற்று. இந்த நானூறு பேர் விஷயத்தில் காத்திராதது பிசகாயிற்று. இந்த இரண்டு பிசகுகளுக்கும் நடுவில் ஒரு பாதை வேண்டியிருந்தது.

நிற்க. அந்தத் தழும்புகள் எதனுடைய தழும்புகள் என்பதிலேயே ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1905-ம் வருஷக் கடைசியில், பனாமாக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஸாமுவேல் டார்லிங் என்ற அமெரிக்க வைத்தியர் பிரேத பரிசோதனை செய்துகொண்டிருந்தார். மார்ட்டினிக் தீவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தச்சனின் பிரேதம். நுரையீரல், ஈரல், மண்ணீரல் எல்லாவற்றிலும் நுண்ணிய உருண்டைகள். டார்லிங் தேடிக்கொண்டிருந்தது வேறு ஒன்றை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1903-ல், காலா அஸார் என்ற கொடிய காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை லீஷ்மன் என்பவரும், நம் சென்னையில் வைத்தியக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த டோனவன் என்பவரும் தனித்தனியே கண்டிருந்தார்கள். அது பனாமாவிலும் உண்டா என்று பார்த்தார் டார்லிங். தாம் கண்டது அதன் தாயாதி என்று நினைத்து, ஹிஸ்டோபிளாஸ்மா காப்ஸுலேட்டம் என்று நீளமாகப் பெயர் சூட்டினார். அது பிராணி இனத்துக் கிருமி, அதைச் சுற்றி உறை இருக்கிறது என்பது அவர் எண்ணம். இரண்டும் சரியில்லை. 1912-ல் ரோஷா லிமா என்ற பிரேஸில் விஞ்ஞானி இது காளானாக இருக்கலாம் என்றார். 1934-ல் டென்னஸி ராஜ்யத்து நாஷ்வில் நகரத்தில் டி மான்ப்ரூன் அதைச் சோதனைச் சாலையில் வளர்த்துக் காளானேதான் என்று காட்டினார். ஊசிப்போன பண்டத்தில் பூக்குமே, அந்தப் பூஞ்சணத்தின் ஜாதி. டார்லிங் அதைக் காண இருக்கவில்லை. 1925-ல் மலேரியா ஆராய்ச்சிக் கோஷ்டியோடு போயிருந்தபோது லெபனானில் மோட்டார் விபத்தில் மாண்டுபோனார்.

அதுவரையில் எல்லாரும் இதை, எப்போதோ ஒருவருக்கு வந்து கொன்றுவிடும் அபூர்வ வியாதி என்று நினைத்திருந்தார்கள். 1940களில் அமெரிக்க ஸர்க்கார் சுகாதார இலாகாவைச் சேர்ந்த காரல் பாமர், நர்ஸ் படிப்புக்கு வந்த பெண்களைப் பல நகரங்களில் பரிசோதித்தார். மார்புப் படம் ஒன்று, க்ஷயம் தொற்றியிருக்கிறதா என்று தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று. அங்கேதான் விசித்திரம். அமெரிக்காவின் நடுப் பகுதியில் வளர்ந்த பெண்கள் பலருக்கு நுரையீரலில் சுண்ணாம்புத் தழும்பு இருந்தது. தழும்பு இருந்தால் க்ஷயம் வந்து போயிருக்கவேண்டும். ஆனால் க்ஷயச் சோதனையில் அவர்கள் தோல் சிவக்கவே இல்லை! திருடன் வந்து போன அடையாளம் இருக்கிறது. சந்தேகப்பட்ட திருடனோ அந்த ஊர்ப் பக்கமே வரவில்லை. அப்படியானால் வந்தவன் வேறு ஆள். அந்தக் காளானிலிருந்து தயாரித்த மருந்தைத் தோலில் ஏற்றிப் பார்த்தார் பாமர். சிவந்தது. நாஷ்விலில் குழந்தை வைத்தியர்களான கிறிஸ்டியும் பீட்டர்ஸனும் அதே சமயத்தில் அதே முடிவுக்கு வந்தார்கள். வருஷம் 1945.

ஒஹையோ, மிஸிஸிப்பி நதிகளின் பள்ளத்தாக்கில், பறவை எச்சமும் வௌவால் எச்சமும் கலந்த மண்ணில் அந்தக் காளான் வாழ்கிறது. கோழிக் கொட்டிலைப் பெருக்குகிறவன், குகைக்குள் நுழைகிறவன், பழைய வீட்டை இடிக்கிறவன் அதன் தூளை மூச்சோடு இழுத்துவிடுகிறான். பெரும்பாலோருக்கு ஜலதோஷம் போல வந்து போய்விடுகிறது. நுரையீரலில் மட்டும் ஒரு புள்ளி நிற்கிறது. 1969-ல் பாமரும் அவர் சகாக்களும் கப்பற்படையில் சேர்ந்த இரண்டே முக்கால் லட்சம் வாலிபர்களின் தோல் சோதனையைக் கொண்டு ஒரு தேசப்படமே வெளியிட்டார்கள். எந்த ஜில்லாவில் வளர்ந்தவன் என்று சொன்னால், அவன் நெஞ்சில் புள்ளி இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நிழலைப் படிக்கிற வைத்தியர் நோயாளியின் ஊரைக் கேட்பது உபசாரத்துக்காக அல்ல என்பது அன்று நிச்சயமாயிற்று.

இனி, நடுப் பாதைக்கு வருவோம். அதைப் போட்டவர்களில் முக்கியமானவர், மினஸோட்டா ராஜ்யத்தில் மேயோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே நிபுணராயிருந்த ஆலன் குட். 1950களில் அவரும் சகாக்களும் முதலில் 156 நிழல்களையும் பிறகு 705 நிழல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இரண்டு அடையாளங்கள் கிடைத்தன. ஒன்று சுண்ணாம்பு. நிழலின் நடு மையத்தில் திட்டாகவோ, முழுவதும் கெட்டியாகவோ, வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காகவோ, பொரி வெடித்தாற்போலவோ சுண்ணாம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பொரி போன்றது அனேகமாக ஹமார்டோமா என்ற சாதுக் கட்டி. உடம்பு தன் சொந்தச் சாமான்களையே, குருத்தெலும்பையும் கொழுப்பையும், இடம் தப்பி ஒன்றாகக் குவித்து வைத்த மூட்டை அது. சுண்ணாம்பு ஓரமாக ஒதுங்கியிருந்தாலோ, மணல் தூவினாற்போல இறைந்திருந்தாலோ அந்த அபயம் கிடையாது. பழைய தழும்பு ஒன்றைப் புற்றுநோய் விழுங்கிக்கொண்டும் வளரலாம். எலும்பில் பிறந்து நுரையீரலுக்கு வந்த புற்றுநோயும் சுண்ணாம்பு பூசிக்கொண்டு வரும்.

இரண்டாவது அடையாளம் காலம். சென்ற வருஷத்துப் படம் இருக்கிறதா? அதற்கு முந்திய வருஷத்துப் படம்? அதிலும் இதே இடத்தில் இதே அளவில் இந்த நிழல் இருக்கிறதா? இரண்டு வருஷம் மாறாமல் இருந்ததென்றால் அது சாது. இதுவே பின்னால் உலகமெங்கும் பாடமாகிவிட்ட 'இரண்டு வருஷ விதி'.

இதற்கு ஒரு கணக்கும் துணைக்கு வந்தது. 1956-ல் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் வின்ஸென்ட் காலின்ஸ் என்பவரும் சகாக்களும் புற்றுநோய்க் கட்டிகள் எவ்வளவு நாளில் இரட்டிப்பாகின்றன என்று அளந்து எழுதினார்கள். சதுரங்கக் கட்டத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல் வைக்கச் சொல்லி ராஜாவை ஓட்டாண்டியாக்கின கதை நமக்குத் தெரியும். கட்டியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத ஓர் அணு முப்பது தரம் இரட்டித்தால் ஒரு செண்டிமீட்டர்க் கட்டி. இன்னும் பத்துத் தரம் இரட்டித்தால் ஒரு கிலோ எடை. அதற்குள் ஆள் இருக்கமாட்டான். நூறு நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கிற கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் காசு மாதிரி முதலில் தெரியும்போது அதற்கு எட்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கும்! நேற்று முளைத்தது என்று நாம் அலறுகிறோமே, அது தன் ஆயுளில் முக்கால் பாகத்தைக் கடந்த பிறகுதான் நமக்குத் தரிசனம் தருகிறது. நுரையீரல் புற்றுநோய்கள் பெரும்பாலும் ஒரு மாதத்திலிருந்து நானூறு நாளுக்குள் இரட்டிப்பவை. அதைவிட வேகமாக, இரண்டு மூன்று வாரத்தில் இரட்டிப்பது தொற்றாகவே இருக்கும். இரண்டு வருஷமாகியும் இரட்டிக்காதது தழும்பாகவோ சாதுக் கட்டியாகவோ இருக்கும். கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது!

நாற்பது வருஷ காலம் இந்த விதியை யாரும் அசைக்கவில்லை. 1997-ல் நியூயார்க்கில் யாங்கெலெவிட்ஸ், ஹென்ஷ்கி என்ற இருவர், விதிக்கு வேர் என்று எல்லாரும் காட்டிய அந்த 1950களின் கட்டுரைகளையே எடுத்துத் தூசி தட்டி மறுபடி கூட்டிப் பார்த்தார்கள். வளரவில்லை என்று குறிக்கப்பட்டிருந்தவற்றில் சாதுவாக இருந்தவை 65 சதவிகிதமே! மற்றவை 'வளராத' புற்றுநோய்கள்.

இது எப்படி? மேலே சொன்ன கணக்கிலேயே பதில் இருக்கிறது. ஓர் உருண்டை பருமனில் இரட்டித்தால் அதன் குறுக்களவு இரட்டிப்பதில்லை. கால் பங்குதான் கூடுகிறது. பத்து மில்லிமீட்டர் நிழல் பன்னிரண்டரை ஆகும், அவ்வளவே. ஓரம் மங்கலாகத் தெரியும் சாதாரண எக்ஸ்ரே படத்தில், வேறு நாளில், வேறு தூரத்தில் நின்று எடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே இரண்டரை மில்லிமீட்டரைக் கண்ணால் பிடிக்க முடியுமா? வளர்ந்திருக்கும், பார்த்தவருக்குத் தெரிந்திருக்காது. ஆலன் குட் மீது நான் குற்றம் சொல்லத் துணியமாட்டேன். அவர் கண்டதைக் கண்டபடி எழுதினார். அதை வேதவாக்காக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். மூலத்தைப் படிக்காமல் மேற்கோளை மேற்கோள் காட்டுகிற வழக்கம் இலக்கிய விமர்சகர்களுக்கு மட்டும் சொந்தம் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.

ஆனால் விதி செத்துப்போகவில்லை. அதற்குள் அளக்கும் கோல் மாறிவிட்டிருந்தது. 1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டனுக்கு அருகே விம்பிள்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற என்ஜினீயர் செய்த ஸி.டி. ஸ்கான் இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்த ஈ.எம்.ஐ. கம்பெனி, பீட்டில்ஸ் பாட்டுக்களை இசைத்தட்டாக வெளியிட்ட அதே கம்பெனி. 1979-ல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பழைய எக்ஸ்ரே படம் மார்பிலுள்ள எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அழுத்திக் காட்டும். ஸி.டி. இயந்திரமோ வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்குவது போல உடம்பைக் காட்டும். அதோடு ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் எண்ணாகவே சொல்லிவிடும். தண்ணீர் சூன்யம், காற்று ஆயிரத்துக்குக் கீழே, கொழுப்பு சூன்யத்துக்குச் சற்றுக் கீழே, சுண்ணாம்பு நூறுகளில். 1980-ல் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி ஸீகல்மன், கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பைக்கூட இந்த எண்ணைக் கொண்டு பிடிக்கலாம் என்று காட்டினார். பிறகு கொழுப்பு தெரிந்தாலே ஹமார்டோமா என்று சொல்ல முடிந்தது. எத்தனையோ பேர் கத்தியிலிருந்து தப்பினார்கள்.

கூர்மையான கண் வந்ததும் பழைய கவலை வேறு ரூபத்தில் திரும்பி வந்தது. எக்ஸ்ரேயில் ஒரு செண்டிமீட்டருக்குக் குறைந்தது தெரிவதே கஷ்டம். ஸி.டி.யில் கடுகளவும் தெரிகிறது. 2011-ல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில், நீண்ட காலம் நிறையப் புகைபிடித்த 53,454 பேரில் ஒரு பாதியைக் குறைந்த கதிர் ஸி.டி.யாலும் மறு பாதியைச் சாதாரண எக்ஸ்ரேயாலும் வருஷத்துக்கொரு முறை மூன்று தடவை பார்த்தார்கள். ஸி.டி. பார்த்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவிகிதம் குறைந்தது. சாமான்யமான வெற்றி அல்ல. ஆனால் அந்த ஸி.டி.யில் சந்தேகம் என்று குறித்தவற்றில் 96.4 சதவிகிதம் புற்றுநோய் அல்ல. நூறு குடும்பங்களில் தொண்ணூற்றாறு குடும்பங்கள் சும்மா தூக்கம் கெட்டன என்று இதற்கு அர்த்தம். சும்மா என்று நாம் இன்று சொல்கிறோம். அந்த இரவுகளில் அவர்களுக்கு யார் சொல்வது?

ஆகையால் 'சாதுவா கொடியதா' என்ற கேள்விக்கு ஆம் இல்லை என்று பதில் சொல்வதை விட்டு, எவ்வளவு தூரம் சாதுவாக இருக்கக்கூடும் என்று கணக்குச் சொல்லத் தொடங்கினார்கள். மேயோ ஆஸ்பத்திரியிலேயே ஸ்வென்ஸன் என்பவரும் சகாக்களும் 1997-ல் ஒரு சூத்திரம் வகுத்தார்கள். நோயாளியின் வயது, புகைபிடித்த பழக்கம், முன்பு வேறு எங்காவது புற்றுநோய் வந்ததா என்பது, நிழலின் குறுக்களவு, ஓரம் வழவழப்பா அல்லது சூரியகாந்தி இதழ் போல முள் முள்ளாக நீள்கிறதா என்பது, நுரையீரலின் மேல் பாகத்தில் இருக்கிறதா என்பது, இந்த ஆறும் சேர்ந்தால் ஒரு சதவிகிதம் வரும். இரண்டு வருஷம் கழித்து, இந்தச் சூத்திரத்தையும் அனுபவசாலி வைத்தியர்களின் உத்தேசத்தையும் போட்டிக்கு விட்டுப் பார்த்தார்கள். யார் வென்றார்கள் என்கிறீர்கள்? ஏறக்குறைய சமம். அபாயம் குறைந்த நிழல்களில் மட்டும் வைத்தியர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பயந்திருந்தார்கள். பயந்த வைத்தியரை நான் குறை சொல்லமாட்டேன். சூத்திரத்துக்கு நோயாளியின் மனைவியைப் பார்த்துப் பேசவேண்டிய கடமை இல்லை.

அமெரிக்கச் சூத்திரத்தை அப்படியே நம் தேசத்துக்குக் கொண்டுவந்துவிட முடியாது. பாமர் நர்ஸுகளுக்கு ஊசி போட்டுக் கண்டுபிடித்த அதே சங்கதிதான்: ஊர் மாறினால் நிழலின் அர்த்தமும் மாறுகிறது. நுரையீரலின் மேல் பாகத்தில் இருக்கும் நிழல் அமெரிக்காவில் புற்றுநோய்ச் சந்தேகத்தைக் கூட்டும். ஆனால் க்ஷயத்துக்கும் மேல் பாகம்தான் பிரியமான வாசஸ்தலம். சர்க்கரைச் சத்தோடு கதிரியக்கத்தைக் கலந்து செலுத்தி, எந்தக் கட்டி அதை ஆவலாக உண்கிறதென்று பார்க்கும் 'பெட்' ஸ்கான் இப்போது பெரிய நகரங்களில் வந்துவிட்டது. புற்றுநோய் அதில் ஜொலிக்கும். விழித்திருக்கும் க்ஷயமும் ஜொலிக்கும். 1956-ல் சென்னையில் தொடங்கிய க்ஷய மருந்து ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் ஸானடோரியத்துக்குச் சமமாகக் குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டிக் கொடுத்தது. அந்தப் பெருமைக்கு ஒரு மறுபுறமும் உண்டு. நிழலைக் கண்டதும் க்ஷயம் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துவிட்டு, குறையவில்லையே என்று பிறகு சதையைக் கிள்ளிப் பார்க்கிறபோது புற்றுநோய் முற்றிப் போயிருப்பதும் இங்கே நடக்கிறது. ஆறாம் ஜார்ஜுக்கு அழற்சி என்றார்கள். இங்கே க்ஷயம் என்கிறோம்.

வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஃபெலிக்ஸ் ஃபிளைஷ்னர் என்ற எக்ஸ்ரே நிபுணரின் பெயரில் மார்புப் பட நிபுணர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அச்சங்கம் 2005-லும் பிறகு 2017-லும் வெளியிட்ட யோசனைகளைத்தான் இன்று உலகத்தின் பல பாகங்களில் அனுசரிக்கிறார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு, வேறு புற்றுநோய் இல்லாதவருக்குத் தற்செயலாகத் தென்பட்ட நிழல்களுக்கு இவை பொருந்தும். ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த கெட்டியான முடிச்சு, புகைபிடித்தல் முதலிய அபாயக் காரணங்கள் இல்லாதவரிடம் இருந்தால், மறுபடி படமே வேண்டாம். ஆறிலிருந்து எட்டு மில்லிமீட்டர் என்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் இன்னொரு படம். எட்டுக்கு மேல் என்றால் மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பதோ, பெட் ஸ்கானோ, ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பதோ, ஆளுக்கும் நிழலுக்கும் தக்கபடி. கெட்டி முடிச்சுக்கு ஆலன் குட் காலத்து இரண்டு வருஷம் இன்றும் ஏறக்குறைய நிற்கிறது, இப்போது மில்லிமீட்டரை நம்பி அளக்க முடிகிறபடியால்.

ஸி.டி. வந்த பிறகு புதிதாகத் தெரிய வந்த ஒரு ஜாதி மட்டும் இந்த இரண்டு வருஷத்துக்கு அடங்குவதில்லை. கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல மங்கலாகத் தெரியும் பனி நிழல்கள் அவை. சில வந்த சுவடு தெரியாமல் மூன்று மாதத்தில் கரைந்துவிடுகின்றன. கரையாதவற்றில் சில புற்றுநோயின் ஆரம்பம். ஆனால் ஆமை வேகம். அவை இரட்டிக்க இரண்டு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அவற்றில் ஆறு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருப்பவற்றை ஐந்து வருஷம் வரை அவ்வப்போது படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது 2017-ம் வருஷத்து யோசனை. அந்த ஐந்து வருஷமும் நோயாளி ஆபீஸுக்குப் போகிறார், பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறார், பழைய படங்களைப் பீரோவில் பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்த தேதிக்குக் காத்திருக்கிறார்.